கூடாரமா ரிசார்ட்டா? அடுப்பு யார் கையில் என்பதை முதலில் பேசுங்கள்

கேள்வி: நான் திருச்சியில் வசிக்கிறேன். அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள், வயது 63. கணவர் மின்வாரியத்தில் வேலை பார்த்தவர், வயது 66. அவருக்குச் சர்க்கரையும் பி.பி.யும் மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது. எனக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். இத்தனை வருடத்தில் கோயில், கல்யாணம் தவிர எங்கும் போனதில்லை. இப்போது அவர் யூடியூபில் பார்த்துப் பார்த்து ஒரு கூடாரம், இரண்டு மடக்கு நாற்காலி, சின்ன கேஸ் அடுப்பு எல்லாம் வாங்கி வைத்துவிட்டார். 'அடுப்பும் வாங்கியாச்சு, இனி நீ நினைத்த இடத்தில் சமைக்கலாம்' என்கிறார். எனக்கோ ஒரு நல்ல ரிசார்ட்டில் மூன்று நாள் நிம்மதியாக இருந்தால் போதும். பிள்ளைகள் இருவரும் 'குரூப் டூரில் போங்கள்' என்கிறார்கள். அடுத்த வருடம் லடாக் வேறு போக வேண்டுமாம் அவருக்கு. இந்த வயதில் கூடாரத்தில் தங்குவது சரியா? எங்களுக்குள் எப்படி முடிவு செய்வது?

பதில்:

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தில் கூடாரம், முழங்கால், சர்க்கரை எல்லாவற்றையும் தாண்டி ஒரு வரியில்தான் என் கண் நின்றது. 'நீ நினைத்த இடத்தில் சமைக்கலாம்' என்று சார் சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி. அவர் அதை ஆசையாகத்தான் சொல்லியிருப்பார், உங்களைச் சந்தோஷப்படுத்துவதாக நினைத்தே சொல்லியிருப்பார். ஆனால் முப்பது முப்பத்தைந்து வருடம் விடிகாலையில் எழுந்து, எல்லாருக்கும் டிபன் பாக்ஸ் கட்டி வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் ஓடி, சாயங்காலம் வந்து மறுபடியும் அடுப்படியில் நின்ற ஒருவருக்கு, மலைமேல் போய் இன்னொரு அடுப்பைப் பற்றவைப்பது எப்படி ஓய்வாகும்? நீங்கள் ரிசார்ட் கேட்பது சொகுசுக்காக என்று எனக்குத் தோன்றவில்லை. மூன்று நாள் யாராவது சமைத்துப் போட வேண்டும், அவ்வளவுதான் உங்கள் ஆசை. இதை அவரிடம் இந்த வார்த்தையிலேயே சொல்லியிருக்கிறீர்களா?

கோயம்புத்தூரில் இருபது வருடத்துக்கும் மேலாகப் பயண ஏற்பாட்டுத் தொழிலில் இருக்கிறேன். என்னிடம் வருபவர்களில் பாதிக்கு மேல் அறுபது தாண்டிய தம்பதிகள். எங்கே போவது என்று இவர் ஒன்று, அவர் ஒன்று சொல்லும்போது நான் இடத்தைப் பற்றிப் பேசவே மாட்டேன், முதலில் இரண்டு விஷயம் கேட்பேன்: அங்கே யார் சமைப்பது, ராத்திரி எழுந்தால் எங்கே போவது. இந்த இரண்டுக்கும் ஒழுங்கான பதில் இருந்தால் கூடாரத்திலும் நன்றாகத் தூங்கலாம். பதில் இல்லையென்றால் எவ்வளவு விலை கொடுத்த அறையிலும் தூக்கம் வராது.

கூடாரம் இந்த வயதில் சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். சரிதான், 63ம் 66ம் அதற்குத் தடையில்லை. ஒரே ஒரு இரவு, வேலி போட்ட அனுமதியுள்ள இடம், தரையில் படுக்காமல் கட்டில், பக்கத்தில் வெளிச்சமுள்ள கழிப்பறை, இந்த நான்கும் இருந்தால் தைரியமாகப் போகலாம். அப்புறம் அங்கிருந்து நேராக ரிசார்ட், அங்கே மூன்று இரவு. ஒரே பயணத்தில் இரண்டும். அவருடைய கூடாரம் முதலில் வரட்டும், உங்களுடைய ரிசார்ட் பின்னால் வரட்டும், ஏனென்றால் வெளியில் ஒரு இரவு படுத்து எழுந்த உடம்புக்கு அடுத்த நாள் வெந்நீரும் மெத்தையும் கிடைத்தால் அலுப்பு தெரியாது. மாற்றிப் போட்டால் கடைசி நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வருவீர்கள்.

அடுப்பு விஷயத்துக்கு வருகிறேன். கூடாரத்தில் தங்கும் அந்த ஒரு இரவு சமையல் முழுக்க சார் பொறுப்பு. முழுக்க என்றால் என்ன வாங்குவது என்று யோசிப்பது, வெங்காயம் நறுக்குவது, கிண்டுவது, பாத்திரம் கழுவுவது, ஊருக்கு வந்தபிறகு அடுப்பைத் துடைத்து எடுத்து வைப்பது வரைக்கும். இரண்டு வருடத்துக்கு முன் வால்பாறைப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் ஈரோட்டுத் தம்பதி ஒருவரைத் தங்கவைத்திருந்தேன், மறுநாள் காலை ஏழு மணிக்கு நான் போனபோது அந்த ஐயா குத்தவைக்க முடியாமல் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து ரவையை வறுத்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா சால்வையைப் போர்த்திக்கொண்டு நாற்காலியில், கையில் எவர்சில்வர் டம்ளரில் காபி. உப்பு எவ்வளவு என்று அவர் திரும்பிப் பார்த்தார். 'நீங்களே பார்த்துப் போடுங்க' என்றார் அந்த அம்மா, எழுந்திருக்கவில்லை. உப்புமா கொஞ்சம் குழைந்துதான் போயிருந்தது, கறிவேப்பிலை கருகியிருந்தது. அந்த அம்மா இரண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டார். கல்யாணமாகி நாற்பத்தோரு வருடத்தில் அவர் கையால் சாப்பிடுவது இதுதான் முதல் தடவை என்று என்னிடம் சொன்னபோது அவர் குரலே வேறு மாதிரி இருந்தது. அதனால் சாரின் அடுப்பைத் திட்டாதீர்கள், அது சரியான கைக்குப் போக வேண்டும், அவ்வளவுதான்.

அவருக்குச் சமையலே வராது என்றால் சாப்பாடு தரும் முகாமாகப் பாருங்கள். இப்போது எஸ்டேட்களில் நடத்தும் பல முகாம்களில் இரவுச் சாப்பாடும் காலை டிபனும் சேர்த்தே தருகிறார்கள்.

அந்த அடுப்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை, இதைத் தயவுசெய்து சாரிடம் படித்துக் காட்டுங்கள். குளிர் அடிக்கிறது, தூறல் போடுகிறது என்று கூடாரத்துக்கு உள்ளே அந்த அடுப்பை ஒருபோதும் பற்றவைக்கக் கூடாது. கரி அடுப்பும் அப்படித்தான். மூடிய இடத்தில் எரியும் எந்த அடுப்பிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வரும், அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடுவார். 2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமன் என்ற மலையூரில் விடுதி அறையில் கேஸ் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு தூங்கிய கேரளச் சுற்றுலாப் பயணிகள் 8 பேர் இறந்தார்கள், அதில் குழந்தைகளும் உண்டு. கூடாரம் என்பது அந்த அறையை விடச் சின்னது. அப்புறம் அந்தச் சின்ன கேஸ் குப்பியை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

இனி ராத்திரி. இதைப் பற்றி யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை, கூச்சப்படுகிறார்கள், ஆனால் பெரியவர்களின் பயணம் கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். சர்க்கரை இருப்பவர், அறுபதைத் தாண்டிய ஆண், இரண்டு பேருக்குமே ராத்திரியில் இரண்டு மூன்று முறை எழ வேண்டி வரும். பி.பி.க்குத் தரும் மாத்திரைகளில் சில சிறுநீரை அதிகமாக்கும். பயணத்தில் இதற்குப் பயந்து பல அம்மாக்கள் மத்தியானத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள், சாயங்காலம் தலைசுற்றலும் காலில் பிடிப்பும் வந்துவிடும். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். பகலில் நன்றாகக் குடித்துவிட்டு, இரவு ஏழு மணிக்குமேல் குறைத்துக்கொண்டால் போதும்.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு குழுவைக் கூடாரத்தில் தங்கவைத்தேன், தரையில் பாய், மேலே மெத்தை விரிப்பு. விடிய இரண்டரை மணி இருக்கும், பக்கத்துக் கூடாரம் ஒரு பக்கமாகச் சாய்கிற சத்தம் கேட்டு டார்ச்சோடு ஓடினேன். எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் தரையிலிருந்து எழப் பிடிமானம் இல்லாமல் கூடாரத்தின் கம்பியைப் பிடித்திருக்கிறார், அது வளைந்துவிட்டது. ஜிப் துணியில் சிக்கித் திறக்கவில்லை, அவர் மனைவி உள்ளே இருட்டில் ஜிப்போடு போராடிக்கொண்டிருக்கிறார். நான் திறந்துவிட்டபோது அவர் வெளியே வந்து ஒன்றுமே சொல்லாமல் நின்றார், வேட்டி நனைந்திருந்தது. அந்த மனிதரின் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. அது என் தவறு. அன்றையிலிருந்து அறுபது தாண்டிய யாரையும் கட்டில் இல்லாத கூடாரத்தில் நான் படுக்கவைப்பதில்லை.

அதனால் சார் வாங்கி வைத்திருக்கும் கூடாரத்தில் நிமிர்ந்து நிற்க முடிகிறதா என்று முதலில் பாருங்கள். குனிந்து தவழ்ந்து போகிற கூடாரம் என்றால் அது பேரப்பிள்ளைகளுக்கு ஆகட்டும், நீங்கள் முகாமிலேயே போட்டிருக்கும் பெரிய கூடாரத்தை எடுங்கள், பல இடங்களில் கட்டில் போட்டே வைத்திருக்கிறார்கள். கட்டில் ஒன்றரை அடி உயரமாவது இருக்க வேண்டும், உட்கார்ந்தால் பாதம் தரையில் பதிய வேண்டும். தலைமாட்டில் ஒரு நாற்காலி, எழும்போது கைகொடுக்க. டார்ச் தலையணைக்கு அடியில். செருப்பை வெளியே விடாமல் உள்ளே வைத்து, போடுவதற்கு முன் ஒரு தட்டுத் தட்டுங்கள், தேள் ஏதாவது இருக்கும். கழிப்பறை முப்பது நாற்பது அடி தூரத்துக்குள், வழியில் விளக்கு, உள்ளே வெஸ்டர்ன் டாய்லெட். உங்கள் முழங்காலுக்கு இது மிக முக்கியம், 'இருக்குங்க மேடம்' என்று போனில் சொன்னால் நம்பாமல் படம் அனுப்பச் சொல்லுங்கள். சர்ஜிக்கல் சாமான் விற்கும் கடைகளில் மடக்கக்கூடிய கமோடு நாற்காலி கிடைக்கிறது, காரில் போகிறவர்கள் அதை டிக்கியில் போட்டுக்கொண்டு போவதில் எந்தக் கூச்சமும் வேண்டாம். என் வாடிக்கையாளர்களில் அதை ஒருமுறை கொண்டுபோனவர்கள் அப்புறம் அது இல்லாமல் கிளம்புவதே இல்லை.

இதையெல்லாம் மலையில் போய்ச் சோதித்துப் பார்க்காதீர்கள். உங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு இரவு கூடாரத்தைப் போட்டுப் படுங்கள், மழையில்லாத ஜனவரி நல்ல மாதம். படுத்து, எழுந்து, ஜிப்பைத் திறந்து, கீழே இறங்கிப் போய் வந்து, மறுபடி படுத்துப் பாருங்கள். காலையில் யாருக்கு எங்கே வலிக்கிறது என்று தெரிந்துவிடும். ஒரு வேளை உங்களுக்கே பிடித்துப்போகலாம், கோடையில் மாடியில் படுத்து வளர்ந்த தலைமுறைதானே நாம். பிடிக்கவில்லையென்றால் சாருக்கும் அது கண்ணால் தெரிந்துவிடும், நீங்கள் வாதாட வேண்டியதில்லை.

இடத்தைப் பொறுத்தவரை ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். ரோட்டோரம் அழகாக இருக்கிறது, ஆற்றங்கரை வெறுமையாக இருக்கிறது என்று நினைத்த இடத்தில் கூடாரம் அடிப்பது வேண்டாம். காட்டுக்குள் அனுமதியில்லாமல் தங்குவது சட்டப்படியே குற்றம், உயிருக்கும் ஆபத்து. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் மலையேறப் போனவர்கள் எத்தனை பேர் இறந்தார்கள் என்று நாம் எல்லோரும் பார்த்தோம். 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில் ஒரு ரிசார்ட் போட்டிருந்த கூடாரத்தில் தங்கியிருந்த பெண் யானை தாக்கி இறந்தார். ரிசார்ட் என்ற பலகை இருப்பதால் மட்டும் யானை வராமல் இருக்காது. ஊர்ப் பக்கமாக, ஆட்கள் குடியிருக்கும் எஸ்டேட்டுக்குள், வேலிக்குள், இரவுக் காவலாளி இருக்கும் இடமாகத் தேர்ந்தெடுங்கள். பழமோ சாப்பாடோ கூடாரத்துக்குள் வைக்காதீர்கள். சாருக்குக் காட்டில் நடக்க ஆசை என்றால் வனத்துறையே 2024இல் தொடங்கிய மலையேற்றத் திட்டம் இருக்கிறது, 40 பாதைகள், எளிது, மிதம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். இணையத்தில் பதிவு செய்தால் வழிகாட்டியோடு எளிய பாதை ஒன்றில் அவர் போய்வரட்டும், நீங்கள் அன்று வராந்தாவில் உட்கார்ந்து புத்தகம் படியுங்கள். எல்லா இடத்துக்கும் இரண்டு பேரும் சேர்ந்தே போக வேண்டும் என்று ஒன்றுமில்லை.

ரிசார்ட் என்றதும் எல்லாம் வசதியாக இருக்கும் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். மலை ரிசார்ட் என்பது சரிவில் கட்டியது, அம்மா. ரிசப்ஷன் மேலே இருக்கும், 'வியூ உள்ள காட்டேஜ்' அறுபது படி கீழே இருக்கும், சாப்பாட்டுக்கூடம் இன்னொரு பக்கம். மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு ஒரு நாளைக்கு எத்தனை படி என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், தேய்ந்த முழங்கால் இரண்டாம் நாளே வீங்கிவிடும். அதனால் முன்பதிவு செய்யும்போது விலையைக் கேட்பதற்கு முன்னால் கார் நிற்கும் இடத்திலிருந்து அறைக்கு எத்தனை படி, அறையிலிருந்து சாப்பாட்டுக்கு எத்தனை படி என்று கேளுங்கள். கட்டிலிலிருந்து குளியலறைக்கு நடந்துபோகிற மாதிரி ஒரு வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள், நல்ல விடுதிக்காரர்கள் அனுப்புவார்கள், அனுப்பத் தயங்குகிற இடத்துக்கு நான் ஆள் அனுப்புவதில்லை. குளிக்கும் இடம் தொட்டியாக இருந்தால் வேண்டாம், காலைத் தூக்கி உள்ளே வைத்து வெளியே வருவதில்தான் வழுக்கி விழுகிறார்கள். சாதாரண ஷவர், பிடித்துக்கொள்ளச் சுவரில் ஒரு கம்பி, ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், இவ்வளவுதான் வேண்டும். வெந்நீர் எந்நேரமும் வருமா, காலையில் இரண்டு மணி நேரம் மட்டுமா என்பதையும் கேளுங்கள்.

சாப்பாட்டு நேரத்தையும் மறக்க வேண்டாம். வீட்டில் சார் ஏழரைக்கு மாத்திரை போட்டுவிட்டு இட்லி சாப்பிடுகிறவராக இருப்பார், ரிசார்ட்டில் எட்டு, எட்டரைக்குத்தான் பஃபே திறப்பார்கள். சில சர்க்கரை மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் காத்திருந்தால் சர்க்கரை இறங்கிவிடும். கையில் எப்போதும் இரண்டு வாழைப்பழம், கொஞ்சம் பிஸ்கட், தாழ்ந்துவிட்டால் போட்டுக்கொள்ள ஒரு பொட்டலம் சர்க்கரை. கிளம்புவதற்கு முன் உங்கள் டாக்டரிடம் ஒருமுறை போய், எந்த மாத்திரையை எந்த நேரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். மாத்திரை ஐந்து நாளைக்குக் கூடுதலாக, அதுவும் இரண்டு பையில் பிரித்து.

ஓய்வு பெற்றவர்களுக்குப் பெரிய சொத்து என்ன தெரியுமா, செவ்வாய்க்கிழமைதான். வெள்ளி ராத்திரியிலிருந்து ஞாயிறு வரை மலையில் அறை விலையும் கூட்டமும் ஏறியிருக்கும், திங்கள் முதல் வியாழன் வரை அதே அறையைக் குறைத்துப் பேசிக் கேட்கலாம், சாப்பாட்டுக்கூடத்திலும் உங்களைக் கவனிக்க ஆள் இருக்கும். மே மாதம் ஊட்டி, கொடைக்கானல் பக்கமே வேண்டாம். வேறு மாதத்தில் போனாலும் அந்த இரண்டு ஊருக்கும் உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே முதல் இ-பாஸ் முறை இருக்கிறது, கிளம்புமுன் எடுத்துக்கொள்ளுங்கள், அதற்குக் காசு கிடையாது.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ரிசார்ட்டில் ஆசை வந்ததும் யாராவது போன் செய்வார்கள், 'உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது, தம்பதியாக வந்து டின்னர் சாப்பிட்டுப் போங்கள்' என்று. போனால் மூன்று மணி நேரம் உட்காரவைத்து, வருடத்துக்கு ஏழு நாள் வீதம் இருபத்தைந்து வருடத்துக்கு என்று ஓர் உறுப்பினர் திட்டத்தை உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள். 66 வயதில் இருபத்தைந்து வருடத்துக்கு முன்பணம் கட்ட வேண்டுமா என்று நிதானமாக யோசியுங்கள். போனாலும் போகாவிட்டாலும் வருடா வருடம் பராமரிப்புக் கட்டணம் கேட்பார்கள், நீங்கள் கேட்கும் தேதியில் அறை இருக்காது. கிராஜுவிட்டிப் பணத்தை இதில் போட்டுவிட்டு என்னிடம் வந்து கண்கலங்கிய ஒரு ஆசிரியர் தம்பதியை எனக்குத் தெரியும். போகிறபோது அந்த அறைக்கு மட்டும் காசு கொடுங்கள், போதும்.

சரி, முதல் பயணத்துக்கு என் யோசனை. பிப்ரவரி இரண்டாவது வாரம், திங்கட்கிழமை காலை திருச்சியிலிருந்து நாமக்கல், சேந்தமங்கலம் வழியாகக் கொல்லிமலை. உயரம் சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர், ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு ஆறரை டிகிரி குறையும் என்பது கணக்கு, அதனால் திருச்சி இரவை விட ஏழெட்டு டிகிரி குளிராக இருக்கும், ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் போதும். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. உங்களுக்குத் தலைசுற்றும் என்றால் முன் சீட்டில் உட்கார்ந்து ரோட்டையே பாருங்கள், போனைப் பார்க்காதீர்கள், காலையில் இரண்டு இட்லிக்கு மேல் வேண்டாம். அன்று இரவு கூடாரம். அறப்பளீஸ்வரர் கோயிலைப் பாருங்கள், ஆனால் அங்கிருந்து ஆகாயகங்கை அருவிக்கு இறங்குவது ஆயிரம் படிக்கு மேல், அதை நீங்கள் நினைக்கவே வேண்டாம், சாரும் இறங்கினால் ஏறி வர வேண்டும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளட்டும். ஊருக்கு வாங்குவதென்றால் அங்கே மிளகு வாங்குங்கள். செவ்வாய் காலை டிபன் முடித்து நிதானமாக இறங்கி, ராசிபுரம், சேலம் வழியாக ஏற்காடு. அது 1,500 மீட்டர், 20 வளைவுதான். அங்கே மூன்று இரவு, ஒரே ரிசார்ட்டில், வெள்ளிக்கிழமை காலை கூட்டம் ஏறும்போது நீங்கள் இறங்கிக்கொண்டிருப்பீர்கள். ஏற்காட்டில் பார்க்க வேண்டிய இடங்கள் என்று ஒரு பட்டியலை யாராவது தருவார்கள், ஒரு நாளைக்கு ஒன்று போதும். ஒரு நாள் முழுக்க எங்கும் போகாமல் இருங்கள்.

கார் ஓட்டப்போவது சார் என்றால் முதலில் லைசென்ஸைப் பாருங்கள். 55 வயதுக்குமேல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், ஓய்வு பெற்ற பிறகு பலர் இதைக் கவனிக்காமல் விட்டிருக்கிறார்கள், காலாவதியான லைசென்ஸோடு விபத்து ஏதாவது நடந்தால் காப்பீட்டில் பெரிய சிக்கல் வரும். மலையில் இறங்கும்போது ஏறின கியரிலேயே இறங்க வேண்டும், பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். ஏறி வருகிற வண்டிக்குத்தான் வழி விட வேண்டும். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி இரண்டு பேரும் இறங்கி நடங்கள், உங்கள் முழங்காலுக்கும் அது நல்லது. மாலை நான்கு மணிக்குள் போய்ச் சேர்கிற மாதிரி கிளம்புங்கள். எழுபது வளைவு ஓட்ட அவருக்கே கொஞ்சம் தயக்கம் இருந்தால் அடிவாரம் வரை வேண்டுமானால் அவர் ஓட்டட்டும், மலைக்கு ஒரு டிரைவரைப் போட்டுக்கொள்வதில் எந்தக் குறைச்சலும் இல்லை.

பிள்ளைகள் சொல்லும் குரூப் டூர் கெட்டதில்லை. காசி, அயோத்தி மாதிரித் தூரத்து ஊருக்கு அதுதான் நல்லது, மொழி தெரிந்த ஆள் கூடவே வருவார், மூட்டையை யாராவது தூக்குவார்கள். ஆனால் ஐந்து மணிக்கு எழுப்பி, பஸ்ஸில் ஏற்றி, ஒரு நாளில் ஆறு இடம் காட்டுவார்கள், உங்கள் இருவருக்கும் முதல் பயணம் அப்படி அமைய வேண்டாம் என்பது என் எண்ணம். ரயிலில் போவதாக இருந்தால் மூத்த குடிமக்களுக்கான லோயர் பெர்த் ஒதுக்கீட்டில் பதிவு செய்யுங்கள், 60 நாள் முன்னால் முன்பதிவு திறக்கும் அன்றே. மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தியது நிறுத்தியதுதான், அதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

லடாக் இப்போதைக்குப் பேச்சில் இருக்கட்டும். லே நகரமே 3,500 மீட்டர், கொல்லிமலையைப் போல மூன்று மடங்கு. விமானத்தில் போய் இறங்கினால் முதல் இரண்டு நாள் அறையை விட்டு நகரக் கூடாது, பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர் இதய மருத்துவரைப் பார்க்காமல் டிக்கெட் போடக் கூடாது. இந்த வருடம் இரண்டு மூன்று சின்னப் பயணம் போய் வாருங்கள், அதற்குப் பிறகு அதைப் பற்றி எழுதுங்கள், விரிவாகச் சொல்கிறேன்.

இந்தக் கடிதத்தைச் சாரிடமும் படிக்கக் கொடுங்கள், அடுப்பைப் பற்றி எழுதியதை அவர் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன். மொட்டை மாடியில் ஒரு இரவு படுத்துப் பார்த்துவிட்டு என்ன ஆயிற்று என்று எழுதுங்கள். ஏற்காட்டு ரிசார்ட்காரர் வீடியோ அனுப்பினால் முன்பணம் கட்டுவதற்கு முன்னால் எனக்கும் அனுப்பி வையுங்கள், படியை நானும் எண்ணிச் சொல்கிறேன்.